ஓரம் மடித்த பக்கங்கள்

புடவைக்கடையில் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்கிறவர் வாங்க மாட்டார். முப்பது வருடமாக ஜவுளியில் குப்பை கொட்டும் தசரதனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லா இருக்கு என்றால், நான் கிளம்புகிறேன், நீ மனசு கஷ்டப்படாதே என்று அர்த்தம். வாங்கப்போகிறவர் குறை சொல்லுவார். பார்டர் பட்டையாக இருக்கிறது என்பார், சாயம் போகுமா என்பார், வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பார். மூஞ்சி சுளித்தால் பாதி வியாபாரம் முடிந்தது, டீக்குச் சொல்லிவிடலாம்.

ஆகவே தன் கதையைப் படித்தவர்கள் எல்லோரும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றபோது தசரதனுக்குச் சந்தேகம் வந்தது.

முதலில் சொன்னது மனைவி சுனிதா. நூற்றுப் பத்துப் பக்கத்தைக் குக்கர் நாலு விசில் அடிப்பதற்குள் படித்து முடித்து, "நல்லாக் கீதுங்க. போன்லயே எழுதி எழுதி கண்ணுதான் போவப்போவுது உங்களுக்கு" என்றாள். மகன் உதய்க்குப் பேச்சு தமிழ், படிப்பு கன்னடமும் இங்கிலீஷும். "வாய்ஸ் மெசேஜா போடுப்பா, பைக்ல போறப்ப கேக்கறேன்" என்றான்.

மூன்றாவது ஆள் வாசு. தபாலாபீசில் ரிட்டையர் ஆன சிநேகிதர். அவர் மட்டும் உண்மையிலேயே வரி விடாமல் படித்தார். படித்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டி, "அந்த டீச்சரு யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன்" என்றார்.

"யாரும் இல்ல வாசு. சும்மா கற்பனை."

"எங்கிட்டயேவா?"

ஒரே வாரத்தில் ஆண்டர்சன்பேட்டையில் மூன்று வீடுகளில் தசரதனைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அவர் எழுதியிருந்ததோ கடைக்குத் துணி எடுக்க வருகிற ஒரே ஒரு டீச்சரைப் பற்றி, அதுவும் இரண்டு பக்கம். கோலார் தங்க வயலில் கதை எழுதுவதில் உள்ள தொல்லை இது. சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், தோண்டுகிற பழக்கம் மட்டும் யாருக்கும் விடவில்லை.

சும்மா ஆசைக்கு எழுதியதாக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஆனால் அந்தக் குறுநாவல் ஒருமுறை வேலூருக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. ஜெயசீலி என்கிற பெண்மணி அங்கே தனியாளாக ஒரு பதிப்பகம் நடத்தினார். நாலு வரிதான் எழுதியிருந்தார். "நடை சுத்தம். ஆனால் ஆட்கள், பொம்மைக்குப் புடவை கட்டி நிறுத்தின மாதிரி நிற்கிறார்கள். உங்களிடம் உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவரிடம் முதலில் படிக்கக் கொடுத்துத் திருத்தி, ஜூன் முப்பதுக்குள் அனுப்புங்கள். இந்த வருடம் ஒரு குறுநாவல்தான் போடுகிறேன், அடுத்த வருடம் போடுவேனா தெரியாது."

தசரதனுக்கு ஐம்பத்துநாலு வயது. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் அப்பா வைத்த ஜவுளிக்கடையைத் தன் கையாலேயே மூடியவர். சுரங்கம் நின்று இரண்டு வருடம் தாக்குப்பிடித்து, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சச் சரக்கு, அலமாரி, மேஜை எல்லாவற்றையும் பங்காரப்பேட்டைக்காரர் ஒருவருக்கு ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டவர். அன்று முதல் பெங்களூர் சிக்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் விற்பனையாள். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி ரயிலில் கழிகிறது. அந்த ரயிலில் கட்டைவிரலால் போனில் தட்டித் தட்டி ஆறு வருடத்தில் எழுதியது அந்தக் குறுநாவல். ஒரு பஜார், ஒரு கடை, அதை மூடுகிற முதலாளி, இருபது வருடமாக அங்கே துணி வெட்டிய சாமுவேல் என்கிற ஆள். இதுவும் போனால் இன்னொன்று எழுத ஆறு வருடம் தெம்பு இருக்காது என்று அவருடைய முழங்காலே அவருக்குச் சொல்லியது.

பொம்மை என்று ஜெயசீலி சொன்னதில் அவருக்குச் சண்டை இல்லை. எந்தப் பொம்மை என்றுதான் தெரியவில்லை.

மாரிக்குப்பத்தில் புறப்படுகிற காலை ரயிலில் ஒரு சட்டம் உண்டு. முதல் ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் அடுத்தடுத்த ஸ்டேஷனில் ஏறப்போகிறவர்களுக்கு இடம் போட வேண்டும். கர்சீஃப், டிபன் பை, தண்ணி பாட்டில், எதுவானாலும் சரி. கர்சீஃப் கிடக்கிற இடத்தில் மந்திரியே வந்தாலும் உட்கார முடியாது. தசரதன் ஆறு வருடமாக லூயிசாவுக்கு இடம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கோரமண்டலில் ஏறி ஒயிட்ஃபீல்டில் இறங்குவாள். அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை. நாளொன்றுக்கு நாற்பது கிலோ வெங்காயம் தாண்டிய கை. ஆனால் சர்ச்சில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவள் அவள்தான், தமிழ் எழுத்து அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

ஏப்ரலில் ஒருநாள் கர்சீஃபை வீட்டில் மறந்துவிட்டு, அச்செடுத்து வைத்திருந்த கதைக்கட்டை அவளுடைய இடத்தில் போட்டார். லூயிசா வந்து அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, கோர்ட்டு பேப்பரா?"

"கதை."

"யாரு எழுதனது?"

சொந்தச் சரக்கு என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான். "தெரிஞ்சவரு ஒருத்தரு" என்றார் தசரதன்.

"படிக்கலாமா?"

"படி. எனுக்கு இன்னா" என்று ஜன்னலைப் பார்த்தார். ஆர்வத்தைக் காட்டினால் விலை இறங்கும்.

காலையில் அவள் படிக்க மாட்டாள். கால்மேல் பையை வைத்துக்கொண்டு கேன்டீன் சூபர்வைசரைத் திட்டுவதற்கே காலை நேரம் சரியாக இருக்கும். கட்டை வாங்கிக்கொண்டு போய், சாயங்கால ரயிலில் லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து படித்தாள். நாலாம் நாள் காலையில் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தசரதனும் கேட்கவில்லை. சிக்பேட்டைக்குப் போனதும் கட்டைப் பிரித்தார். ஐந்து பக்கங்களில் மேல் மூலை மடித்திருந்தது.

அவர் வேலை பார்க்கிற கடைக்குக் குடியாத்தம், ஆம்பூர், மதனப்பள்ளிப் பக்கமிருந்தெல்லாம் வியாபாரிகள் கொள்முதலுக்கு வருவார்கள். அறுபது புடவை அடுக்கி முன்னால் வைத்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். வாய் திறந்தால் விலை ஏறும் என்று தெரியும். பிடித்த புடவையின் ஓரத்தை மட்டும் ஒரு மடி மடித்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போவார்கள். மடித்தது பில்லுக்குப் போகும், மடிக்காதது ராக்குக்குத் திரும்பும்.

தசரதன் தன் கதையையும் அப்படியே வாசித்தார். மடித்த ஐந்தும் தேறியவை. ஒன்று, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால் சூரியன் மறைகிற பக்கம். இரண்டு, முதலாளி வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிற இடம். பிறகு மழை வருகிற இடம், திரும்பவும் முதலாளி யோசிக்கிற இடம், கடைசியில் கடையை மூடும் நாள் முதலாளியும் சாமுவேலும் கட்டிப்பிடித்து அழுது பிரிகிற இடம். ஓ, இதுதான் இவர்களுக்கு வேண்டியதா என்று அவருக்குக் கொஞ்சம் வியப்பாகக்கூட இருந்தது. ஆனால் வாங்குகிறவரோடு சண்டை போட்டு எவன் பிழைத்தான்?

மே மாதம் முழுக்க உட்கார்ந்து திருத்தினார். ஒரு கிழவி பாவாடைத் துணிக்குப் பேரம் பேசுகிற மூன்று பக்கம் மடிக்கப்படவில்லை, அதை எடுத்துப் போட்டார். முதலாளியை இன்னும் நாலு இடத்தில் யோசிக்க வைத்தார். முந்தின பிரதியில் மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு சூரியன் மறைந்தது, இந்தப் பிரதியில் மூன்று மறைந்தன. கடைசி அழுகை இரண்டு பக்கத்திலிருந்து ஐந்து பக்கமாக வளர்ந்தது. கண் எரிந்தது, கட்டைவிரல் மரத்துப்போனது. ஜூன் பிறந்ததும் புதிய கட்டை லூயிசாவின் இடத்தில் போட்டார். கர்சீஃபும் கையில் இருந்தது, ஆனாலும் கட்டைத்தான் போட்டார்.

பத்தாம் தேதி அது திரும்பி வந்தது. ரயிலிலேயே எண்ணினார். இருபத்து மூன்று மூலைகள்.

"இன்னாம்மா, இந்த தபா நெறைய மடிச்சிருக்க" என்றார், குரலை அடக்கிக்கொண்டு.

"சாரிண்ணா. உங்க தெரிஞ்சவரு கோச்சுக்குவாரா?"

"எதுக்குக் கோச்சுக்கணும்? சந்தோசந்தான் படுவாரு."

லூயிசா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நான் தூங்கனதுக்கா?"

தசரதன் கட்டைப் பிரித்து மூலைகளை மறுபடி பார்த்தார். ரயில் ஏதோ ஒரு கேட்டைத் தாண்டியது.

"தூக்கம் வர்ற எடத்துல மடிச்சி வெச்சிட்டுத் தூங்கிடுவேண்ணா. முழிச்சா எங்க வுட்டோம்னு தெரியணும் இல்ல. மொத தபா அஞ்சு தூக்கந்தான். இந்த தபா இன்னாடான்னா, ஒயிட்ஃபீல்ட்ல ஏறி மாலூர் வர்றதுக்குள்ள மூணு தூக்கம்." கொஞ்சம் யோசித்துவிட்டு நியாயமாகச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா நல்ல தூக்கம். அதைக் கொற சொல்ல முடியாது."

தசரதன் கட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு மாதம். இருபத்து மூன்று மூலையும் ஒவ்வொன்றாக அவரே பார்த்துப் பார்த்து நெய்தவை. வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் யாரையாவது திட்டலாம். இங்கே திட்டுவதற்கும் ஆளில்லை.

தியாகல் ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் கேட்டார். "தூங்காத எடம் எதுனா இருந்துச்சா?"

"மொத தபா இருந்திச்சே. அந்தக் கெழவி பாவாடத் துணிக்குப் பேரம் பேசுதே, வேணா வேணான்னு எழுந்து போயி, செருப்பு மாட்டிக்கினு, திரும்பி வந்து ஒக்காருதே. அது எங்க, இந்த தபா காணோம்?"

"எடுத்துட்டாரு."

"ஏன், கிறுக்கா அவருக்கு?"

"கடைசில?" என்றார் தசரதன். 

"கடைசில ரெண்டு தபாவும் தூங்கிட்டேன். ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கினு அழறாங்க. அவங்களே அழுது முடிச்சிட்டா எனுக்கு இன்னா வேல அங்க?" லூயிசா பையிலிருந்து தண்ணி பாட்டிலை எடுத்துக் குடித்தாள். "அது நடந்திருக்காதுண்ணா. வேலய வுட்டு எடுத்தவன் எவன் வந்து கட்டிப் புடிச்சிருக்கான்? நம்ப ஊருல எத்தினி பேருக்கு வேல போச்சு. எங்கப்பாக்குப் போர்டுல ஒரு பேப்பர் ஒட்னாங்க, அவ்ளோதான். அண்டர்கிரவுண்டு போயிட்டு வந்த மனுசன், அந்தப் பேப்பரப் படிக்க வரிசையில நின்னாரு."

ஒயிட்ஃபீல்டில் அவள் இறங்கிப் போனாள். சிட்டி ஸ்டேஷன் வரை தசரதன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அது நடக்கவில்லைதான்.

சாமுவேல் என்று கதையில் வருகிறவர் நிஜத்தில் ஹரோல்ட். பத்தொன்பது வருடம் அந்தக் கடையில் துணி வெட்டியவர். தசரதன் மீசை முளைக்காத நாளிலிருந்து அவரைத் தம்பி என்று கூப்பிட்டவர். கடை ஷட்டர் துருப்பிடித்து, ஒரு கை பிடித்தால் சாய்ந்துகொள்ளும். வலது முனையை தசரதனும் இடது முனையை ஹரோல்டும் பிடித்து, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். தினம் எட்டரை மணிக்கு அதுதான் முதல் வேலை. யாரிடமும் எந்த விலைக்கும் முடியாது என்று சொல்லத் தெரிந்த தசரதனுக்கு, நாளையிலிருந்து வராதீங்கண்ணே என்கிற ஒரு வரியை ஹரோல்டிடம் சொல்ல வாய் வரவில்லை. சரக்கை ஏற்றி அனுப்பிய மறுநாள், திங்கட்கிழமை, அப்பாவின் போட்டோவை எடுக்கப் பின்வாசல் வழியாகக் கடைக்குள் போனார். எட்டரைக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஷட்டரின் அடியில் இருந்த இடைவெளியில், இடது முனையில், இரண்டு கால்கள் வந்து நின்றன. பன்னிரண்டு மணி வரை நின்றன. தசரதன் தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறக்கவில்லை. அதற்குப் பிறகு பஜாரில் ஹரோல்ட் எதிரே வந்தால் இவர் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஊரில் அவருக்கு எப்போதும் மறுபக்கத்தில்தான் ஏதோ வேலை இருந்தது.

இதைத்தான் அவர் கட்டிப்பிடித்து அழ வைத்திருந்தார்.

பத்து நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோடவுனில் புடவை மூட்டைமேல் உட்கார்ந்து கடைசிப் பகுதியைத் திரும்ப எழுதினார். கிழவி திரும்பி வந்தாள். சூரியன்களில் இரண்டு போய்விட்டன. அழுகை மொத்தமும் போனது. மிஞ்சியது ஏழு பக்கம். ஷட்டர், இருட்டு, வியர்வை, இரண்டு கால்கள். எழுதியபோது ஆறுதலாக ஒன்றும் இல்லை. மூட்டை தூக்கி இறக்கின மாதிரி முதுகு வலித்தது.

இருபத்து ஆறாம் தேதி லூயிசாவிடம் கொடுத்தார். தெரிஞ்சவர் இதை முப்பதுக்குள் வேலூரில் புத்தகம் போடுகிற ஒரு அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். மறுநாள் காலை கோரமண்டலில் அவள் ஏறியபோது கட்டு அவள் கையிலேயே இருந்தது. உட்கார்ந்தாள். பங்காரப்பேட்டை வரை சூபர்வைசரைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. தசரதன் கட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு மூலைகூட மடியவில்லை.

"தூக்கம் வரல" என்றாள் லூயிசா. பாராட்டு மாதிரியே இல்லை, புகார் மாதிரி இருந்தது. "வூட்டுக்குப் போயும் வரல. நாலு மணிக்கு எழுந்து சோறு வடிக்கணும் நானு."

"ம்."

"உள்ள ஒக்காந்திருந்தது உங்க தெரிஞ்சவருதானே?"

"ஆமா."

"அந்தத் தெரிஞ்சவரு நீங்கதானே?"

பேரம் முடிந்துவிட்டது என்று தசரதனுக்குத் தெரிந்தது. "எப்போலேருந்து தெரியும்?"

"மொத நாளே. அடுத்தவங்க கதைய எவன் மூணு பிளாஸ்டிக் கவருல சுத்தி எடுத்தாருவான்?" அவள் சிரிக்கவில்லை. "வெளிய நின்னாரே, அவரு கீறாரா?"

"கீறாரு. சாம்பியன்ல, பொண்ணு வூட்ல."

"இத்தப் படிச்சாரா?"

"இல்ல."

லூயிசா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "அப்ப நான் படிச்சது தப்பு. அவரு நின்னத அவருக்கு முன்னாடி நான் படிக்கறதா? வேலூர்ல ஒரு அம்மா படிக்கறதா? ணா, ஒண்ணு சொல்றேன். அவரு படிக்காம இதை அனுப்பாதீங்க. அனுப்பிட்டீங்கன்னா, நாளயிலேருந்து எனுக்கு எடம் போடாதீங்க. நான் நின்னுக்கினே போறேன்."

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஜெயசீலிக்கு அனுப்பிவிட்டு மத்தியானம் ஹரோல்டிடம் போகலாமா என்று தசரதன் ஒருமுறை கணக்குப் போட்டார். பழக்கதோஷம். பிறகு சர்ச் விடுகிற நேரம் வரை காத்திருந்து, கட்டை எடுத்துக்கொண்டு பழைய சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் லைனுக்கு நடந்தார்.

ஹரோல்டின் மகள் ஷைலா கதவைத் திறந்தாள். முன்னறையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹரோல்ட் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். எழுபத்தொரு வயதில் ஆள் பாதியாகச் சுருங்கியிருந்தார்.

"யாரு?"

"நாந்தாண்ணே. தசரதன்."

கறுப்புக் கண்ணாடி குரல் வந்த பக்கம் திரும்பியது. "வழி தெரிஞ்சிச்சா தம்பி? இந்தப் பக்கமும் ரோடு கீது, பாத்தியா" என்றார் ஹரோல்ட். பிறகு பிளாஸ்டிக் கவரின் சரசரப்பைக் கேட்டு, "இன்னா, புடவயா?" என்றார்.

"ஒரு கத எழுதியிருக்கேண்ணே. உங்களப் பத்தி வருது. நீங்க கேக்கணும்."

"கண்ணுக்கு வேல குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நீயே படி."

எழுதுவதைவிடப் படிப்பது கஷ்டம் என்று அங்கேதான் தெரிந்தது. கடைசி ஏழு பக்கத்தையும் தசரதன் தலையைத் தூக்காமல் படித்தார். ஷைலா டீயை வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். இருட்டில் வியர்வை சொட்டச் சொட்ட முதலாளி உட்கார்ந்திருக்கிற இடம் வந்ததும் ஹரோல்ட் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. வேர்வையா?"

"ஆமாண்ணே. ஏப்ரல் மாசம்."

"ஃபேனு ஓடிச்சே."

தசரதன் நிமிர்ந்தார்.

"கல்லாவுக்கு மேல தொங்கற ஃபேனு. கடகடன்னு சத்தம் போடுமே, அதுதான். நான் வந்தப்பவே ஓடிக்கினு இருந்திச்சு. மூணரை மணி நேரம் ஓடிச்சு. நீ நிறுத்தல. நிறுத்தனா சுவிச்சு டொக்குனு சத்தம் வருமே, அதனால நிறுத்தாம இருந்தேன்னு நெனைக்கறேன்."

அது அப்படியே உண்மை. உள்ளே நுழைந்ததும் கை பழக்கத்தில் சுவிட்சைப் போட்டதும், பிறகு அதை அணைக்கப் பயந்ததும் ஒரே சமயத்தில் தசரதனுக்கு ஞாபகம் வந்தது. இருபது வருடத்தில் எப்போதோ ஞாபகத்திலிருந்த ஃபேனை நிறுத்திவிட்டுத் தன்னை வியர்க்க வைத்திருந்தார். ஒளிந்தவன் காற்று வாங்கிக்கொண்டு ஒளிந்தான் என்று எழுத மனம் வந்திருக்காது.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா, நான் உள்ள…"

"செவிடனுக்குக்கூடக் கேக்கும் தம்பி, அந்த ஃபேனு சத்தம்."

"அப்பறம் ஏண்ணே நின்னீங்க, பன்னெண்டு மணி வரைக்கும்?"

"உன் கதையில இன்னா போட்டுக்கீற?"

"வேல போன துக்கத்துல… பத்தொம்போது வருச பழக்கம்… முதலாளி வருவாருன்னு நம்பிக்கையில."

ஹரோல்ட் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பு மாதிரியும் இருந்தது. "ஞாயித்துக்கெழம லாரி ஏத்தறத பஜாரே பாத்திச்சு. கட போச்சுன்னு எனுக்குத் தெரியாதா? என் கத்திரி உள்ள இருந்திச்சு."

"கத்திரியா?"

"மேச டிராயர்ல. மேசயும் லாரில போச்சுன்னு எனுக்கு அப்பத் தெரியாது. கடைக் கத்திரி இல்ல, என் சொந்தக் கத்திரி. பத்து இஞ்சு. எங்கியானா வேலக்கிப் போனா கத்திரி வேணாமா? கதவத் தட்டிக் கேக்கலாம்னுதான் வந்தேன். ஃபேனு சத்தம் கேட்டிச்சு. சரி, தம்பி உள்ள கீது, அதுவா வெளிய வரட்டும், நாம தட்டி அதைக் கூனிக் குறுக வெக்க வாணாம்னு நின்னேன். பன்னெண்டு மணிக்கு வேற யோசன வந்திச்சு. நான் நின்னா நீ எப்பிடி வருவ? காலையிலேருந்து உள்ள கீற, ஒண்ணுக்குப் போவணும் இல்ல உனுக்கு. அதான் கெளம்பிட்டேன்."

வாசற்படியில் நின்ற ஷைலா உள்ளே போய்விட்டாள்.

மேஜையை டிராயரோடுதான் விற்றார் தசரதன். டிராயரைத் திறந்து பார்த்ததாக ஞாபகமே இல்லை. கதையில் எங்கேயும் ஒரு கத்திரிகூட இல்லை. துணி வெட்டுகிறவரைப் பற்றி நூற்றுப் பத்துப் பக்கம்.

"கோவமாண்ணே?"

"இருந்திச்சு. ரொம்ப வருசம் இருந்திச்சு. அதை வெச்சிக்கினு இருக்கவும் ஒடம்புல தெம்பு வேணும் இல்ல" என்றார் ஹரோல்ட். டீயைத் தடவி எடுத்து ஒரு வாய் குடித்தார். "எனுக்கு இன்னா பேரு வெச்சிக்கீற?"

"சாமுவேல்."

"அது எங்க சித்தப்பா பேரு. குடிச்சிக் குடிச்சே போனாரு. வேற எதுனா வை." பிறகு, "இன்னும் இன்னா தப்பு கீதோ. மொதல்லேருந்து படி" என்றார்.

மொத்தம் முடிய மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. பேரம் பேசுகிற கிழவி கட்டியிருந்த சேலையின் நிறத்தைக்கூட ஹரோல்ட் திருத்தினார். ஒரு இடத்தில்கூட நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் தசரதன் ஜெயசீலிக்கு இரண்டு வரி அனுப்பினார். கடைசிப் பகுதி பொய் என்று தெரிந்துவிட்டது, பத்து நாள் வேண்டும். அரைமணியில் பதில் வந்தது. "ஒரு வாரம் தருகிறேன். எட்டாம் நாள் வேறு ஒருவருடையது அச்சுக்குப் போகும்."

ஒரு வாரம் போதுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மாரிக்குப்பத்தில் ஏறி, எதிர் சீட்டில் கர்சீஃபைப் போட்டார். கோரமண்டலில் லூயிசா ஏறினாள். உடனே உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படிச்சாரா?"

"கேட்டாரு. கண்ணு ஆபரேஷன்."

"இன்னா சொன்னாரு?"

"ஃபேனு ஓடிச்சாம்."

லூயிசா கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கர்சீஃபை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். "திருத்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இன்னிக்குத்தான் ஆரம்பிக்கணும். ஒரு வாரந்தான் டைம்."

"முடிச்சிட்டுக் குடுங்க. மொதல்ல அவருக்கு. அப்பறம் எனுக்கு." அவள் தன் பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "நேத்து கேன்டீன்ல கல்யாண ஆர்டரு, ஞாயித்துக்கெழமையும் கூப்ட்டுட்டாங்க. ஒயிட்ஃபீல்ட் வந்தா எழுப்புங்க."

ஜன்னலில் தலையைச் சாய்த்ததும் தூங்கிப்போனாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. தசரதன் அவளுடைய பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் போனைத் திறந்தார். வியர்வை என்கிற சொல்லைத் தேடி அழித்தார். கட்டைவிரல் வலித்தது. கல்லாவுக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது என்று தட்டினார்.